ஒலியுள்ள பழைய படப் புறொஜெக்டர் வாங்குமுன்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தூக்கிச் சென்ற மூட்டைகளில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை என்பன இருந்தன. சில குடும்பங்களிடம் இவற்றோடு ஒரு படச்சுருளும் இருந்தது. லண்டனிலிருந்து லீவில் வந்த மாமா 1970களில் எடுத்த கலியாணமாகவோ திருவிழாவாகவோ அது இருக்கும். மாப்பிள்ளை பொம்பிளையைவிட அவர்களுக்குப் பின்னால் தெரியும் துலாக்கிணறும் பனையோலை வேலியும் புகையிலைத் தறையும் இன்று எமக்குப் பெறுமதியானவை. வீடு இடிந்து, வேலி அழிந்து, காணி பற்றைக்காடாகிப் போனவர்களுக்கு அந்தத் தோட்டம் அசைவோடு இருப்பது அந்தச் சுருளில் மாத்திரமே.

இதைப் பார்ப்பதற்காகச் சங்கமாகக் காசு சேர்த்துப் பழைய புறொஜெக்டர் ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் அரியாலைப் பக்கத்திலும் உண்டு. வாங்கலாம். ஆனால் அதற்குமுன் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். கெட்ட புறொஜெக்டர் ஒரே இரவில் படத்தைக் கிழித்துவிடும். வீட்டுப் படங்களிற் பெரும்பாலானவற்றுக்கு நெகற்றிவ் கிடையாது. கமராவுக்குள் ஓடிய அதே சுருளைத்தான் கழுவித் திரையிற் காட்டினார்கள். அது போனால் போனதுதான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தச் சுருள் என்று பாருங்கள். 1932இல் வந்த பழைய 8 மில்லிமீற்றர் சுருளில் ஓரத் துளைகள் பெரியவை. அவை இரண்டு படக்கட்டங்களுக்கு இடையில் இருக்கும். 1965இல் கொடாக் நிறுவனம் கொண்டுவந்த சூப்பர் 8 சுருளில் துளை சிறியது. அது கட்டத்தின் நடுவுக்கு நேரே இருக்கும். அகலம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ஒன்றுக்குரிய புறொஜெக்டரில் மற்றதை ஓட்டினால் துளைகள் கிழியும். இவற்றைவிட இரண்டு மடங்கு அகலமானது 16 மில்லிமீற்றர். இலங்கையில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் எனப்படும் 'சமுதாயம்' (1962) இந்த அளவில் எடுக்கப்பட்டதே.

அடுத்தது ஒலி. சூப்பர் 8 சுருளின் ஓரத்தில் கசெற் நாடாவின் நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது காந்த ஒலி. ஒலியோடு படம்பிடிக்கும் சூப்பர் 8 சுருள் 1973இல்தான் வந்தது. அதற்கு முந்திய சுருளிற் குரல் இருந்தால் அது பின்னர் சேர்த்ததாக இருக்கும். 16 மில்லிமீற்றர் சுருளில் ஒரு பக்கத்தில் மட்டும் துளையிருந்து, மறுபக்கத்தில் வெளிச்சத்துக்குப் பிடிக்கும்போது நெளிநெளியான கோடு தெரிந்தால் அது ஒளியால் வாசிக்கப்படும் ஒலி. இந்த இரண்டு ஒலியும் வேறு வேறு. விற்பவர் 'சவுண்ட் உண்டு' என்று சொன்னால், எந்தச் சவுண்ட் என்று கேளுங்கள்.

பொருளைப் பார்க்கப் போகும்போது உங்கள் சுருளைக் கொண்டுபோகாதீர்கள். அதே அளவில், ஒலியோடு கூடிய, தேவையற்ற ஒரு துண்டைத் தேடிக் கொண்டுபோய் மூன்று நான்கு தடவை ஓட்டுங்கள். பின் அதை வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். நீளமான கீறல் விழுந்திருந்தால் படம் செல்லும் வாயிலில் அழுக்கோ தேய்வோ உண்டு. அழுக்கென்றால் துடைக்கலாம், தேய்வென்றால் திரும்பி வாருங்கள். பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். நாற்பது வருடப் பழைய இறப்பர் வார் தார்போல உருகி ஒட்டியிருப்பதும், இறப்பர்ச் சில்லு ஒரு பக்கம் தட்டையாகியிருப்பதும் வழமை. பல மாதிரிகளுக்கு இப்போது புது உதிரிப்பாகம் செய்வார் இல்லை. ஒஸ்திரியாவின் ஓய்மிக் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே வீழ்ந்துவிட்டது. செத்த இன்னொரு புறொஜெக்டரே உங்கள் உதிரிப்பாகக் கடை. மின்குமிழ் என்ன வகை என்றும் பாருங்கள். 12 வோல்ற் 100 வாற் ஹலோஜன் போன்றவை இன்னும் கிடைக்கின்றன. அபூர்வமான குமிழுள்ள புறொஜெக்டரை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குமிழின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் சூட்டில் பழுதாகும்.

காந்த ஒலிப் புறொஜெக்டர்களில் பதிவு செய்யும் பொத்தானும் இருக்கும். படம் ஓடும்போது அதை இயக்கினால் பழைய குரல் அழிந்துபோகும். செத்துப்போன தாத்தாவின் குரல் அந்தக் கோட்டில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வாங்கிய அன்றே அந்தப் பொத்தானின்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளை எட்ட நிற்கச் சொல்லுங்கள். சுருளை ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைப்பதும் கூடாது. அதற்குள் காந்தம் உண்டு.

கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் புறொஜெக்டர் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றை ட்ரான்ஸ்போமர் குறைத்துத் தரும். ஹேர்ட்ஸை அது மாற்றாது. ஹேர்ட்ஸை நம்பி ஓடும் மோட்டோராயின், செக்கனுக்கு 24 கட்டங்கள் ஓட வேண்டிய படம் இங்கே 20தான் ஓடும். மணப்பெண் ஆண்குரலிற் பேசுவாள். சிலவற்றில் வாரை வேறு கப்பிக்கு மாற்றி இதைச் சரிசெய்யலாம். நேர்மின் மோட்டோர் உள்ளதென்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே இங்கிலாந்திலோ ஐரோப்பாவிலோ இருந்து வருவதே எமக்குப் பொருத்தம். சிறிய ஜெனறேற்றரில் ஓட்டுவதானால் ஒலி ஆடும் என்பதையும் எதிர்பாருங்கள். 1990க்குப் பின் மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஆனால் புறொஜெக்டரை அப்படி ஓட்ட முடியாது.

வேகத்தையும் கவனியுங்கள். சூப்பர் 8 படம் செக்கனுக்கு 18 அல்லது 24 கட்டங்கள் ஓடும். இரண்டும் உள்ள புறொஜெக்டரே வேண்டும். 50 அடிச் சுருள் 18இல் மூன்று நிமிடம் இருபது செக்கன், 24இல் இரண்டரை நிமிடம்தான். ஊர் முழுவதும் முற்றத்திலிருந்து பார்ப்பதற்கு சூப்பர் 8 வெளிச்சம் போதாது. நாலைந்து அடி வெள்ளைத் துணியும் நல்ல இருட்டறையுமே அதற்கு அளவு.

இரண்டு மூன்று சுருள் மட்டும் உள்ள குடும்பம் புறொஜெக்டர் வாங்கவே தேவையில்லை என்பேன். அந்தக் காசில் ஸ்கான் செய்வியுங்கள். ஒலியையும் சேர்த்து எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். படத்தை மட்டும் எடுக்கும் இடங்களும் உண்டு. தபாலில் அனுப்பாமல் ஆள்வசம் அனுப்புங்கள். கழுவிய படச்சுருளுக்கு விமான நிலைய எக்ஸ்ரேயால் பாதிப்பில்லை. பல வீடுகளின் சுருள்கள் சேர்ந்துள்ள சங்கம் புறொஜெக்டர் வாங்கினாலும், முதலில் ஸ்கான், பிறகு ஓட்டம் என்பதே முறை. கொடாக்குரோம் சுருள் இருட்டில் பல்லாண்டு நிறம் மாறாது; புறொஜெக்டர் வெளிச்சத்தில் அடிக்கடி ஓட்டினால் மங்கும்.

பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் சுருள் அழுகத் தொடங்கிவிட்டது. அதை எந்தப் புறொஜெக்டரிலும் ஏற்றாமல், மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் முன்னதாக ஸ்கானுக்கு அனுப்புங்கள். படம் ஓடும் அன்று வயதானவர்களை முன்வரிசையில் இருத்தி, யார் யார், எந்தக் காணி, யாருடைய கிணறு என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும்.