மழை வரும் முன்னே வடிகட்டி!

நம்ம செஞ்சிக் கோட்டையில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் பார்த்திருப்பீர்கள். குளம் வெட்டினால் மட்டும் போதாது, தூரும் வாரணும். வீட்டு மழைநீர்த் தொட்டியும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டிலும் மாடித் தண்ணி வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் இறங்கும். ஆனால் போன ஐப்பசி மழையில் தொட்டி பொங்கி, தண்ணி தெருவுக்கு ஓடிச்சு. சித்திரையில் கிணறு வத்திப்போச்சு. அம்மாவோடு நானும் குடம் தூக்கினேன்.

"ஏன்ப்பா இப்படி?" என்று கேட்டேன். அப்பா மூடியைத் திறந்து காட்டினார். மணல் மேலே ஒரே சேறு! கட்டினதோட சரி, யாருமே கழுவலை.

வடிகட்டியில் அடியில் பெரிய ஜல்லி, நடுவில் கூழாங்கல், மேலே மணல் இருக்கும். மணல் தூசியைப் பிடிக்கும். தூசி சேரச் சேர மணலின் சந்து அடைபடும், தண்ணி இறங்காது.

600 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 550 லிட்டர் விழும். கிட்டத்தட்ட 35 குடம்!

புரட்டாசியிலேயே செய்ய வேண்டியவை:

1. மாடியைக் கூட்டுங்கள்.
2. குழாய் வாயில் இருக்கும் சருகை எடுங்கள்.
3. மேல் மணலை அள்ளி, நன்றாக அலசிப் போடுங்கள்.
4. முதல் மழைத் தண்ணியை வெளியே விடுங்கள்.
5. கொசு புகாமல் தொட்டியை மூடுங்கள்.

பெரியவங்க கூட இருந்தால்தான் தொட்டி, கிணறு பக்கம் போகணும்.

போன ஞாயிறு அப்பாவும் நானும் மணல் அலசிட்டோம். உங்க வீட்டில்?