அழற்சியை எழுப்பும் நொதிகள்

காலில் முள் தைத்த இடம் சில மணி நேரத்தில் சிவக்கிறது, தொட்டால் சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே உரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பார் தம் மருத்துவ நூலில் தொகுத்துரைத்தார். இவற்றை முள் நேரே உண்டாக்குவதில்லை. திசு சிதைந்தது, கிருமிகள் புகுந்தன என்னும் செய்தியை உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்வதன் விளைவே அழற்சி. அதனை நோயென்றே கருதுவோர் பலர். உண்மையில் அது உடலின் தற்காப்பு. அளவு மீறும்போதும், தணியாது நீடிக்கும்போதுமே தீங்காகிறது.

செய்தியைக் கொண்டு செல்பவை நொதிகள், அதாவது என்சைம்கள். திசுக்களில் காவலிருக்கும் விழுங்கணுக்களின் மேற்புறத்தில் கிருமியை உணரும் ஏற்பிகள் உள்ளன. கிருமியின் பகுதி ஏற்பியிற் பொருந்தியவுடன், உள்ளிருக்கும் கைனேஸ் என்னும் நொதிகள் செயற்படத் தொடங்குகின்றன. ஒரு கைனேஸ் அடுத்த புரதத்தின் மீது பாஸ்பேட்டுத் தொகுதியை ஏற்றி அதனைத் தூண்டும். அது மற்றொன்றைத் தூண்டும். ஒரு நொதி மூலக்கூறு பல மூலக்கூறுகளைத் தூண்டவல்லது. ஆகவே சிறு குறிப்பும் வழியிலேயே பன்மடங்கு பெருகுகிறது. இறுதியில் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம் உயிரணுவின் கருவினுள் நுழைந்து, உறங்கியிருந்த பல ஜீன்களைச் செயற்படுத்துகிறது. அவற்றுள் ஒன்றன் கட்டளைப்படி உருவாவதே சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்னும் நொதி.

இந்நொதிக்கு மூலப்பொருள், உயிரணுச் சவ்விலிருந்து வேறொரு நொதி வெட்டியெடுக்கும் அராக்கிடானிக் அமிலம். அதனோடு ஆக்சிஜனைச் சேர்ப்பதால் புராஸ்டாகிளாண்டின்கள் பிறக்கின்றன. அவை இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் அவ்விடம் சிவந்து சூடேறுகிறது. நரம்பு முனைகளின் உணர்ச்சி கூர்மையாவதால் வலி மிகுகிறது. மூளையில் அவை செயற்படும்போது காய்ச்சல் காண்கிறது.

ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தது. எனினும் அது எவ்வாறு வலியைத் தணிக்கிறது என்பது 70 ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. அது புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கிறது என 1971-இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். 1982-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சைக்ளோ-ஆக்சிஜனேஸ் இரு வகைப்படும் என்பது 1990-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஒன்று பெரும்பாலும் அழற்சியின்போது தோன்றுவது. மற்றொன்று நாள்தோறும் இரைப்பையின் உட்புறத்தைக் காப்பது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுசேர உதவுவது. சாதாரண வலிமாத்திரைகள் இவ்விரண்டையும் தடுக்கின்றன. வெறும் வயிற்றில் அவற்றைத் தொடர்ந்து விழுங்குவோருக்கு இரைப்பைப் புண் வருவது இதனால்தான். தட்டணுவில் கரு இல்லை. ஆகவே ஆஸ்பிரின் முடக்கிய நொதிக்குப் பதிலாகப் புதியதை ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் முன்னரே குறைந்திருக்கும். டெங்கு என்று ஐயுறும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கொடுத்தால் இரத்தக் கசிவு நேரக்கூடும். உரிய அளவில் பாராசிட்டமால் கொடுப்பதே முறை.

சிறுநீரகத்தில் இரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பவையும் புராஸ்டாகிளாண்டின்களே. இந்நொதியைத் தடுக்கும் மருந்தொன்று பறவையின் சிறுநீரகத்தை எவ்வளவு கொடுமையாகத் தாக்கவல்லது என்பதை இந்தியா கண்டது. 1992 முதல் 2007 வரையான காலத்தில் வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் தொகை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. தொற்றுநோய் என்றே முதலில் பலர் ஐயுற்றனர். பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளியாயிற்று: டைக்ளோஃபெனாக் ஏற்றப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களிலேயே மாண்டன. அவற்றின் உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. ஆயினும் மனிதருக்கான பெரிய குப்பிகள் கடையிற் கிடைத்தமையால் அவ்வூசி மாடுகளுக்கும் போடப்பட்டு வந்தது. 2015-இல் அம்மருந்து 3 மி.லி. குப்பிக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் அசிக்ளோஃபெனாக்கும், கீட்டோபுரோஃபனும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன.

மெலாக்சிகாமும் இதே நொதியையே தடுக்கிறது. எனினும் பாறுகளின் உடல் அதனை விரைவில் வெளியேற்றிவிடுவதால் அவற்றுக்குத் தீங்கு நேர்வதில்லை. மடிவீக்கம், மூட்டுவீக்கம் கண்ட மாட்டுக்கு அதனைக் கேட்டுப் பெறும்படி கால்நடைக் களப்பணியாளர் உழவர்க்கு எடுத்துரைக்கலாம். வேறு வலிமருந்து பெற்ற மாடு அண்மையில் இறந்திருப்பின், அதன் உடலைத் திறந்த வெளியில் எறியாது ஆழப் புதைத்தல் வேண்டும்.