வீட்டைப் படம்பிடிக்க வருவோரும் நாமும்

ஒழுங்கை முகப்பில் ஒரு வாகனம் வந்து நிற்கிறது. இருவர் இறங்கி உள்ளே நடக்கிறார்கள். ஒருவர் கையில் அளவு நாடா, மற்றவர் கையில் கமெரா. வீட்டையும் கிணற்றையும் படம்பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். யார் வந்தது, எதற்கு வந்தது என்று நாம் பிறகுதான் விசாரிக்கிறோம். சில வளவுகளில் விசாரிக்கவும் ஆளில்லை.

குச்சவெளிப் பிரதேசத்தில் இதைச் சிறிய விடயமாக விட்டுவிட முடியாது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் தென்னைமரவடி, திரியாய் மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் போனார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோர வீடுகளை அழித்தது. அதன்பின் வந்த அரச உதவித் திட்டத்தில், நூற்றுக்கு 40க்கு மேல் சேதம் எனக் குறிக்கப்பட்ட வீட்டுக்கு 250,000 ரூபாவும், அதற்குக் குறைவாகக் குறிக்கப்பட்ட வீட்டுக்கு 100,000 ரூபாவும் ஒதுக்கப்பட்டன. பார்க்க வந்தவர் படிவத்தில் எங்கே அடையாளமிட்டார் என்பதில் 150,000 ரூபா தங்கியிருந்தது. ஆகவே வருபவரை எப்படி எதிர்கொள்வது என்று நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

1. வருபவர் யார்?

வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் நாம் கேட்டதனால் வருகிறார். வீட்டுத் திட்டத்துக்காக வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நமது விண்ணப்பத்தின் பேரில் வருகிறார். இவர்களுக்கு அனுமதி கொடுப்பவர்கள் நாமே. காணி வாங்க விரும்புவோரின் தரகர் நம் அனுமதியின்றிப் படலைக்குள் வர எந்த உரிமையும் இல்லை. அரசு பொதுத் தேவைக்குக் காணி எடுக்க எண்ணி அனுப்பும் உத்தியோகத்தர் வேறு. அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதே சட்டம் எல்லையும் வகுத்திருக்கிறது.

2. சட்டம் சொல்வது

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, முதலில் அப்பகுதியில் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். அதன் பின்னரே அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் காணிக்குள் வந்து அளக்கலாம், துளையிடலாம், எல்லைக்குறி நடலாம். வேறு வழியில்லாவிட்டால் வேலியையும் பயிரையும் வெட்டலாம். இதனால் ஏற்படும் சேதத்துக்கு நட்டஈடு உண்டு. ஆனால் ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள்ளோ, வீட்டோடு சேர்ந்த அடைப்புள்ள முற்றம், தோட்டத்துக்குள்ளோ வருவதானால், குடியிருப்பவருக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

3. ஆளில்லாத வீடு

இந்தப் பாதுகாப்புக் குடியிருப்பவருக்கே கிடைக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பத்தின் வெறுமையான வீட்டுக்கு அந்த 7 நாள் கடிதம் வராது. ஒட்டப்படும் அறிவித்தலையோ தூரத்தில் இருப்பவர் காணமாட்டார். பற்றைக்குள் மூடிக்கிடக்கும் அத்திவாரமும் தூர்ந்த கிணறும் படத்தில் வெறும் காடாகத் தெரியும். "இது சமையலறை, அது மாட்டுக்கொட்டில், இவை ஐயா வைத்த தென்னைகள்" என்று சொல்ல ஆள் வேண்டும்.

பின்னர் வரும் அறிவித்தல்களுக்கும் காலக்கெடு உண்டு. 4ஆம் பிரிவின்படி ஆட்சேபனை தெரிவிக்க 14 நாளுக்குக் குறையாத அவகாசமும், 7ஆம் பிரிவின்படி உரிமை கோருவோர் விசாரணைக்கு முன்னிலையாக 21 நாளுக்குக் குறையாத அவகாசமும் தரப்படும். அவசரத் தேவை என்று கூறி முன்கூட்டியே காணியைப் பொறுப்பேற்கவும் சட்டத்தில் இடமுண்டு. தாமதிப்பவர் இழப்பார்.

4. ஒழுங்கையும் சொத்துத்தான்

பலர் சேர்ந்து பாவிக்கும் தனியார் ஒழுங்கையை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பிறர் காணியூடாகச் செல்லும் வழிப்பாத்தியம் உள்ளவரையும் இச்சட்டம் உரித்துள்ளவராகக் கொள்கிறது. உங்கள் உறுதியில் வழி எழுதப்பட்டிருந்தால் அதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பகுதியில் ஒரு தம்பதியின் தனியார் பாதையில் கூகுள் நிறுவனத்தின் வாகனம் புகுந்து வீட்டைப் படம்பிடித்தது. 2008இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்தரங்கம் கெட்டது என்ற முறைப்பாட்டை நீதிமன்றம் தள்ளிவிட்டது. அனுமதியின்றி உள்ளே வந்தது என்ற முறைப்பாடு நிலைத்தது. 2010இல் அவர்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு டொலர். பாதை அவர்களுடையது என்பது நிலைநாட்டப்பட்டது. ஆனால் நட்டத்தைக் காட்ட முடியாதவருக்குப் பணம் கிடைக்காது என்பதையும் இது காட்டுகிறது. ஆதலால் நமது நட்டத்தை நாமே பதிந்து வைக்க வேண்டும்.

5. இன்றே செய்யக்கூடியவை

• தற்போதைய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்திருங்கள்.

• ஊரில் இருக்கும் ஒருவரிடம் காணியைப் பார்க்கவும், அறிவித்தல் ஒட்டப்பட்டால் உடனே அறிவிக்கவும் சொல்லுங்கள்.

• கைத்தொலைபேசியால் நீங்களே படமெடுங்கள்: அத்திவாரம், கிணறு, எல்லைக்கல், ஒழுங்கை, ஒவ்வொரு பயன்தரு மரம். திகதியையும் மரங்களின் எண்ணிக்கையையும் கொப்பியில் எழுதுங்கள்.

• வருபவரிடம் மரியாதையாகப் பெயர், அலுவலகம், வந்த நோக்கம், அதிகாரக் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். அறிவித்தல் இன்றி வந்தால் சண்டை பிடிக்காமல், எழுத்தில் அறிவித்துவிட்டு வரும்படி சொல்லுங்கள்.

• முறைப்படி வந்தால் கூடவே நடந்து எல்லாவற்றையும் காட்டுங்கள். நிரப்பாத படிவத்தில் கையொப்பம் இடவேண்டாம்.

• அரச அலுவலகம் எடுத்த படத்தையும் அறிக்கையையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

படலையை அடைத்துவைப்பதாலும் பயந்து ஒதுங்குவதாலும் காணி காப்பாற்றப்படாது. அளக்கும்போது உரியவர் அல்லது அவருடைய ஆள் அங்கே நிற்க வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் காணியில் அறிவித்தல் ஒட்டப்பட்டால் எத்தனை நாளில் உங்களுக்குத் தெரியவரும்? யார் மூலம்?

2. உங்கள் உறுதியில் ஒழுங்கை பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது? வாசித்துப் பாருங்கள்.

3. ஊரில் உள்ளவர்கள், வெளியே உள்ளவர்களின் காணிகளைப் பங்கிட்டுப் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு செய்ய முடியுமா?