மாசித் தூறலும் உப்புக் கிணறும்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கத்தரி, மிளகாய், இரண்டு முருங்கை நிற்கின்றன. மாசியில் காலையில் பனி, மத்தியானம் சுள்ளென்று வெயில், நடுவில் திடீரென்று ஒரு தூறல். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தூறல் விழுந்தால் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் மிச்சம் பிடிக்கிறேன். ஆனாலும் கத்தரி இலை ஓரம் கருகுகிறதே?
– வாசகி, உடன்குடி

பதில்: மிச்சம் பிடிக்க நீங்கள் தேர்ந்தெடுத்த நாள்தான் தப்பு, அம்மா. உப்புத் தண்ணீர் பாயும் மண்ணில் ஈரம் ஆவியாகிப் போக, உப்பு மேல்மண்ணில் படிந்துவிடும். லேசான தூறல் அதை அடித்துக்கொண்டு போகாது. கரைத்து வேர் மட்டத்தில் இறக்கிவிட்டு நின்றுவிடும். தூறிய அன்றைக்குத்தான் வழக்கமான தண்ணீரையும் விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். ஒரு சாண் தோண்டிப் பார்த்து, அடிவரை மழை ஈரம் இறங்கியிருந்தால் மட்டும் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். எப்போது விட்டாலும் தூரில் விடுங்கள். இலையில் தெளித்தால் அதுவே கருக்கும்.

மழை எப்போது வரும் என்பதற்கு மாதத்தை நம்பிப் பயனில்லை. 2020-இன் வடகிழக்குப் பருவமழை 2021 ஜனவரி 19 வரை இழுத்தது. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம்.

போரை இன்னும் ஆழப்படுத்தச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேலே அந்த ஒரு அடி வற்றினால் கீழிருந்து உப்பு அந்த 40 அடிக்கும் ஏறிவரும். மோட்டாரை விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்ச நேரமாக ஓட்டுங்கள். பழைய மேல்கிணறு இருந்தால் அதைத் தூர்த்துவிடாதீர்கள்.

உங்கள் மண் தேரிச் செம்மணல் என்றால் விட்ட தண்ணீர் வேரில் தங்காது. சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடி வையுங்கள். சுற்றிலும் கத்தரி நடலாம். கசிவு வேருக்கு மட்டும் போகும். மேலே காவோலையை, அதாவது காய்ந்த பனையோலையை, நறுக்கிப் பரப்புங்கள். உடன்குடியில் அதற்கா பஞ்சம்!

முருங்கை பூத்திருக்கும்போது தண்ணீரைக் குறையுங்கள், ஈரம் மிஞ்சினால் பூ உதிரும். ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் ஊரில் அது உப்பின் சாறு, வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழும். அதை நாற்றுக்கும் மிளகாய்க்கும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரை முருங்கைக்கு விடலாம்.