உப்புக் காற்றில் வயர் பூட்டப் பழகுபவர்களுக்கு

நிலாவெளியில் கராஜ் வேலை பழக வருகிற தம்பிமார் எல்லோரும் இஞ்சினைத்தான் முதலில் தொட ஆசைப்படுகிறார்கள். வயரிங் என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கடலோரத்தில் ஒரு பழைய வண்டி படுத்துவிட்டால், பிழை பெரும்பாலும் வயர் ஜொயின்டில்தான் இருக்கும். பக்கத்திலுள்ள திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் 1957 வரை பிரிட்டிஷ் படைகளின் கையில் இருந்தவை, அதனால் படை வண்டிகள் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பெட்ஃபோர்ட், லாண்ட் ரோவர், பிறகு வந்த டாட்டா, லேலண்ட் என்று படைக்காகச் செய்த வண்டி எதுவானாலும் இரும்புப் பகுதி தலைமுறை தாண்டி நிற்கும். அதன் வயர் ஜொயின்டுகளை இந்தக் காற்று தின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியில் கைவைக்கப் போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் பட்டறிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த படை வண்டிகளில் பல 24 வோல்ட். 12 வோல்ட் பட்டறி இரண்டைத் தொடராகப் பூட்டியிருப்பார்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றுக்குப் பிளஸ் பக்கமே எர்த். அது தெரியாமல் ஒல்டனேட்டரைப் பூட்டினால் அப்போதே எரிந்துவிடும். 24 வோல்ட் வண்டியில் ரேடியோவுக்கென்று ஒரு பட்டறியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுக்கவும் கூடாது. அந்தப் பட்டறிக்குச் சார்ஜ் போதாமலே இருக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். கடைசியில் இரண்டுமே கெட்டுப்போகும்.

2. எர்த் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் பூட்டுங்கள். மோதிரமும் கைச்சங்கிலியும் வேலை முடியும்வரை சட்டைப் பையில் இருக்கட்டும்.

3. பழுதான டெர்மினலை வெட்டிவிட்டு, அதே இடத்திலேயே புதியதைப் பூட்டாதீர்கள். வயரின் தோலை உரித்துச் செம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால், அல்லது பச்சை பிடித்திருந்தால், இன்னும் ஒரு அங்குலம் வெட்டுங்கள். அப்போதும் கறுப்பா? இன்னொரு அங்குலம். உப்பு ஈரம் மெல்லிய செம்பு இழைகளுக்கு இடையே ஏறித் தோலுக்குள்ளேயே தூரம் போயிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீன் லொறிகளில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் சேஸியில் வடிவதால், பின்விளக்கு வயர் அரை முழம்வரை கறுத்திருப்பதும் உண்டு. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, குறைந்த நீளத்துக்குப் புது வயர் சேருங்கள். கறுத்த செம்பில் எந்த டெர்மினலும் பிடிக்காது.

4. வீட்டு வயரை வண்டிக்குப் போடவே கூடாது. 1/1.13 என்பது ஒற்றைக் கம்பி, 7/0.67 என்பது ஏழு தடித்த கம்பி. சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்குச் செய்தவை அவை. வண்டியின் நடுக்கத்தில் முறிந்துபோகும். வண்டி வயர் 14/0.30, 28/0.30 என்று மெல்லிய இழைகள் பல சேர்ந்தது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். படகுகளுக்குப் போடுவது அதைத்தான்.

5. இனி கிரிம்ப். இந்தத் தொழிலில் நீங்கள் பழக வேண்டியதில் இதுதான் முதன்மையானது. சாதாரணக் குறட்டால் நசுக்கினால் டெர்மினல் தட்டையாகும், உள்ளே இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும். அந்தக் காற்றோடு உப்பும் உள்ளே போகும். சரியான கிரிம்ப் குறடு இழைகளை ஒன்றோடொன்று இறுக்கி, இடைவெளியே இல்லாமல் ஒரே உலோகக் கட்டியாக்கிவிடும். முழு அழுத்தம் வரும்வரை வாய் திறக்காத குறட்டையே வாங்குங்கள். திறந்த டெர்மினலில் இரண்டு சோடி இறக்கைகள் இருக்கும். முன் சோடி செம்பைப் பிடிக்க வேண்டும், பின் சோடி தோலைப் பிடிக்க வேண்டும். பின் சோடியைச் சரியாக மடிக்காமல் விட்டால், நடுக்கம் முழுவதும் செம்பிலே விழும்.

தோல் போட்ட டெர்மினலில் நிறமே அளவைச் சொல்லும். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய வயரை மடித்து இரட்டையாக்கி மஞ்சளுக்குள் திணிக்கிற வேலை வேண்டாம். கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் இங்கேயே கழலட்டும், குச்சவெளி வீதியில் இரவில் கழல வேண்டாம். பழகும்போது கழிவு வயரில் செய்து, ஒன்றை வாளால் குறுக்கே அறுத்து உள்ளே பாருங்கள். துளை தெரிந்தால் குறடோ அளவோ பிழை.

6. சொல்டர் வைப்பதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் முடிவு இது: நடுங்குகிற வயரில் சொல்டர் மட்டும் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், விறைப்பு முடிகிற இடத்தில் வயர் முறியும். லூக்காஸ் மின்பாகங்கள் போட்ட பிரிட்டிஷ் வண்டிகளின் 4.7 மில்லிமீற்றர் புல்லட் டெர்மினலுக்குச் சொல்டர் வைக்கலாம், ஆனால் பின்னால் வயரைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது போடுங்கள். அசிட் பிளக்ஸ் வேண்டவே வேண்டாம். புல்லட்டை மாற்றினால் கறுப்பு றப்பர் உறையையும் மாற்றுங்கள். அதற்குள் இருக்கும் உலோகக் குழல் துருப்பிடித்துப் பிடி தளர்ந்திருக்கும்.

7. பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி, இரு முனையிலும் பசை கசிகிறவரை சுருக்குங்கள். டேப் மட்டும் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கும். வினாகிரி மணம் வருகிற சிலிக்கோனைச் செம்புக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். அதில் இருந்து வருகிற அமிலமே செம்பை அரிக்கும். கழற்றிப் பூட்டுகிற இடங்களுக்கு வஸலின் போதும்.

8. விளக்கு மங்கினால் பல்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். விளக்கை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பட்டறியின் எர்த் முனையிலும் மற்றதை விளக்கின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. 10 அம்பியர் ஓடுகிற ஜொயின்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கே போய்விடும், 10 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். றப்பர் உருகுவது அதனால்தான். எர்த் போல்ட்டின் கீழே பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் காணுங்கள், பூட்டிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள்.

9. படை வண்டிக்கே உரிய இடங்கள் சில உண்டு. பின்னால் டிரெயிலருக்கான 12 முள் சொக்கெட்டில் மூடி போயிருந்தால் தண்ணீர் தேங்கும். பின் அச்சுக்கு மேலே, வெள்ளை பூசிய டிபரன்ஷலைக் காட்டுகிற சின்ன விளக்கு இருக்கும். இருட்டில் பின்னால் வருகிற வண்டிக்காரன் அதைப் பார்த்துத் தொடர்வதற்காக வைத்தது அது. யாரும் கவனிக்காத அந்த விளக்கின் வயரிலே ஷோர்ட் ஆகிப் பியூஸ் போவதுண்டு.

10. நிறத்தைக் காப்பாற்றுங்கள். லூக்காஸ் முறையில் கறுப்பு எர்த், பிறவுண் பட்டறியில் இருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், சிவப்பு சைட் லைட், நீலம் ஹெட்லைட். அமெரிக்கப் படை வண்டிகளில் வயரின் மேல் எண் போட்ட சிறு தகடு இருக்கும். ஜொயின்டை வெட்டும்போது அதைக் கழற்றி எறியாமல் புது வயரில் மாட்டுங்கள். எல்லாவற்றையும் கறுப்பு வயரால் முடித்துவிட்டுப் போகிறவன், அடுத்துக் கீழே படுத்து வேலை செய்யப் போகிற பெடியனின் ஒரு நாளைத் திருடுகிறான்.

ஒக்டோபர் முடிவில் இங்கே மாரி தொடங்கிவிடும். அதற்கு முன் காய்ந்த நாளாகப் பார்த்து, உங்கள் பொறுப்பில் இருக்கிற வண்டியின் எர்த் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றிச் சுரண்டிப் பூட்டிவிடுங்கள்.