பாதிக் காற்றில் ஓர் ஊர்

எங்கள் கல்லூரி ஆய்வகச் சுவரில் ஒரு பாதரசப் பாரமானி தொங்குகிறது. புதிதாக வரும் மாணவர்களை அதன் முன் நிறுத்தி அளவைப் படிக்கச் சொல்வது என் வழக்கம். 755 மில்லிமீட்டர் என்பார் ஒருவர். 757 என்பார் இன்னொருவர். ஒரு முறை ஒரு மாணவர், “ஐயா, இது 400-க்கு அருகில் இறங்குமா?” என்று கேட்டார். இறங்கும். ஆனால் அதற்குப் பாரமானியைத் தூக்கிக்கொண்டு பெரு நாட்டுக்குப் போக வேண்டும்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில், பெருவின் தென்கிழக்கு மூலையில், லா ரின்கோனாதா என்று ஓர் ஊர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 5,100 மீட்டர். மனிதர் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் ஊர்களில் உலகிலேயே உயரமானது இதுவே. பல மணி நேரம் கரடுமுரடான மலைப்பாதையில் ஏறித்தான் அங்கே போக முடியும். ஊருக்கு மேலே ஒரு பனியாறு. அதற்கு ‘தூங்கும் அழகி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே தகரக் கூரை வீடுகள். குழாய்த் தண்ணீர் இல்லை. கழிவுநீர் வடிகால் இல்லை. மரம் என்று சொல்ல ஒன்றும் முளைப்பதில்லை. ஆயினும் அங்கே ஐம்பதாயிரம் பேர் வரை வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் முதலில் நமக்கு வேண்டிய கேள்வி.

அங்கே பாரமானி காட்டுவது 410 மி.மீ. அளவில் இருக்கும். அதாவது, நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றில் பாதியளவுதான் அவர்கள் தலைக்கு மேல் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 84° செல்சியஸுக்குள்ளேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது. பயறும் உருளைக்கிழங்கும் எளிதில் வேகா. குக்கர் இருந்தால் சரியாகிவிடும் என்பீர்கள். சரியாகும், ஆனால் முழுவதும் ஆகாது. குக்கரின் மேல் வைக்கும் எடை, வெளி அழுத்தத்தைவிட இவ்வளவு அதிகம் என்றுதான் உள்ளே அழுத்தத்தை நிறுத்துகிறது. வெளி அழுத்தமே பாதியானால் உள்ளே மொத்த அழுத்தமும் குறையும். நம் வீட்டில் 120° வரை போகும் குக்கர், அங்கே 112°-ஐ ஒட்டி விசில் அடித்துவிடும். இதை நீங்களே நீராவி அழுத்த அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடலாம்.

சமையலை விட்டு மூச்சுக்கு வருவோம். “அங்கே ஆக்ஸிஜன் சதவீதம் குறைவு” என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது தவறு. அங்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்ஸிஜன்தான். மொத்தக் காற்றே குறைவு. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகிவிடுகிறது. உடல் வெப்பமான 37°-இல் நீராவியின் அழுத்தம் 47 மி.மீ. நீங்கள் கடற்கரையில் நின்றாலும் மலை உச்சியில் நின்றாலும் இந்த 47 மாறாது. எனவே கடல் மட்டத்தில் 760-இல் 47 போக, மீதி 713-இல் 21 விழுக்காடு, அதாவது 150 மி.மீ. ஆக்ஸிஜனின் பங்கு. லா ரின்கோனாதாவில் 410-இல் 47 போக 363. அதில் 21 விழுக்காடு ஏறத்தாழ 76 மி.மீ. இருக்கிற கொஞ்சத்திலும் நீராவி தன் பங்கை முழுதாக எடுத்துக்கொள்கிறது!

உடல் சும்மா இருப்பதில்லை. முதலில் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. ஆக்ஸிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்டின் என்னும் சுரப்பை அதிகமாக அனுப்புகிறது. அதன் கட்டளைப்படி எலும்பு மஜ்ஜை மேலும் மேலும் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. வண்டியில் சரக்கு குறைவாக ஏறினால் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற ஏற்பாடு இது. கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் தெருவின் அகலம் மாறவில்லையே. நம் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 45 மி.லி. அணுக்கள். அங்கே 60-ஐத் தாண்டுவோர் பலர். 70-ஐத் தாண்டியவர்களும் உண்டு. அணுக்கள் கூடக் கூட இரத்தத்தின் பாகுத்தன்மை செங்குத்தாக ஏறுகிறது. குழம்பு போன்ற அந்த இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கிறது. தலைவலி, காதில் இரைச்சல், உறக்கமின்மை, நீலம் பாரித்த உதடுகள் தோன்றுகின்றன. உயிர் காக்க வந்த ஏற்பாடே நோயாகிவிடுகிறது.

இந்த நீடித்த மலைநோயைப் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920-களில் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. லா ரின்கோனாதாவில் வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்காவது இது இருக்கலாம் என்கிறார்கள். 2019-இல் பிரான்சிலிருந்து ஒரு ஆய்வுக் குழு சாதனங்களோடு அங்கே ஏறி, ஊராரின் இரத்தத்தையும் இதயத்தையும் சோதித்தது. வியப்பு என்னவென்றால், திபெத்திய மலைவாழ் மக்களுக்கு இரத்தம் இப்படிக் கெட்டிப்படுவது அரிது. சிவப்பணு உற்பத்தியை அடக்கி வைக்கும் ஒரு மரபணு வேறுபாடு அவர்களிடம் இருப்பதை 2010-இல் கண்டறிந்தார்கள். ஒரே சிக்கலுக்கு இரு மலைகளில் இரு விடைகள்!

நோய்க்குச் சிறந்த மருந்து கீழே இறங்கிவிடுவதுதான். அது அந்த ஊராருக்கும் தெரியும். இறங்காததற்குக் காரணம் பாறைக்குள் இருக்கும் தங்கம். 2000-க்குப் பிறகு தங்கத்தின் விலை ஏற ஏற, சமவெளியில் பிழைப்பு இல்லாதவர்கள் ஏணி ஏறுவதுபோல் இங்கே வந்து குவிந்தார்கள். சுரங்கத்தில் ‘காச்சோரேயோ’ என்று ஒரு பழைய முறை உண்டு. தொழிலாளி மாதம் முழுவதும் கூலியின்றி உழைக்கிறார். பிறகு குறித்த ஒரு நாளில் தம்மால் சுமக்க முடிந்த பாறையைத் தமக்கென்று எடுத்துச் செல்லலாம். அதில் தங்கம் இருந்தால் இருந்தது, இல்லாவிட்டால் இல்லை. பெண்கள் சுரங்கத்துக்குள் நுழைந்தால் தங்கம் ஓடிவிடும் என்ற மூடநம்பிக்கையால், அவர்கள் வெளியே கொட்டிய கழிவுக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்க்கிறார்கள். இதைக் கூலி என்பதா, சீட்டு விளையாட்டு என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

கிடைத்த பாறையைப் பெரிய கல்லால் ஆட்டி அரைத்து, நீரோடு பாதரசத்தையும் கலக்கிறார்கள். ஆம், நம் பாரமானிக் குழாயில் இருக்கும் அதே பாதரசம். அது கல்தூளை விட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் பற்றி இரசக்கலவையாகிறது. துணியில் பிழிந்தால் ஒரு வெள்ளை உருண்டை மிஞ்சும். அதை ஊருக்குள் உள்ள தங்கம் வாங்கும் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். கடைக்காரர் அதன்மேல் ஊதுசுவாலையைக் காட்டுகிறார். பாதரசம் நம் ஊரில் 357°-இல் கொதிக்கும், 400 மி.மீ. அழுத்தத்தில் 323°-இலேயே கொதிக்கும். பாதரசம் ஆவியாகிப் போக, மஞ்சள் தங்கம் நிற்கிறது.

போன ஆவி எங்கே போயிற்று? குளிர்ந்த காற்றில் பட்டதும் நுண்துளிகளாகிக் கூரைகளிலும் பனியிலும் படிகிறது. பனியை உருக்கித்தான் பலர் குடிக்கிறார்கள். காற்றில் மிஞ்சியதை மூச்சோடு இழுக்கிறார்கள். அதிலும் மெல்லிய காற்றுக்காக நம்மைவிட அதிகம் மூச்சுவிட வேண்டிய மனிதர்கள். இழுத்த பாதரச ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். பிறகு நரம்பு மண்டலம் தளர்கிறது, கை நடுங்குகிறது.

இதைத் தடுக்க உயர்ந்த தொழில்நுட்பம் வேண்டுமா? வேண்டாம். நீங்கள் வேதியியல் வகுப்பில் பார்த்திருக்கும் வாலை போதும். மூடிய கிண்ணத்தில் இரசக்கலவையைச் சூடாக்கி, ஆவியை ஒரு குழாய் வழியாக நீரில் குளிரவைத்தால், பாதரசத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். மறுபடி பயன்படுத்தலாம், செலவும் மிச்சம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே சிறு சுரங்கக்காரர்களிடம் இரும்பு வாலைகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் அவை மூலையில் கிடந்தன. நேரம் அதிகம் பிடிக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, மூடிய பாத்திரத்துக்குள் போன தன் தங்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தது முழுவதும்தானா என்ற சந்தேகம். ஒரு மாதக் கூலி அந்த ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆகவே பிறகு வந்த சில வாலைகளைக் கண்ணாடியில் செய்தார்கள்.