முழம் அளந்த கை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்ந்து ஊர் ஊராக அலைகிற களைப்பு உன் கையெழுத்திலேயே தெரிந்தது. பக்கவாதம் வந்து ஐந்து மாதமான அந்த லாரி டிரைவர் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவருடைய மகன், "கரண்டு வைக்கல, மெஷின் இல்ல, வெறும் எக்சர்சைஸ்தானா?" என்று கேட்டிருக்கிறார். உனக்குப் பதில் வரவில்லை. ஒன்றியம் முழுக்க அலைகிறவளுக்கு அந்த வாசலை மாதத்தில் ஓரிரு தடவைதான் மிதிக்க முடிகிறது. "நான் போய் என்னக்கா ஆகிடப்போகுது?" என்று முடித்திருந்தாய். உன் வயதுப் பிசியோக்கள் பலருக்கும் இதே கேள்வி இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். முதல் சில வருடங்கள் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ஒரு நோயாளிக்கு முக்கால் மணி நேரம். ஒத்தடம், கரண்டு, அப்புறம் அவர் கையையும் காலையும் நானே பிடித்து மடக்கி நீட்டுவேன். அவர் படுத்திருப்பார், எனக்கு வியர்த்துக் கொட்டும். ஒரு நாள் ஏதோ தோன்றி, அவர் தன் முயற்சியில் கையை அசைக்கும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டேன். முக்கால் மணி நேரத்தில் பதினாலு கோடு. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதே வேலையை காதரின் லாங் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து 2009இல் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். பக்கவாத சிகிச்சை நடக்கும் இடங்களில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஒரு அமர்வில் கையால் ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்ற அசைவுகள் சராசரியாக 32. நடைப் பயிற்சியில் 357 அடி. மூளை தன் பாதையை மாற்றிப் போட்டுக்கொள்வதைக் காட்டிய விலங்குச் சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைத்திருந்தார்கள். மாத்திரையை மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறோம். உடற்பயிற்சியை மட்டும் "தினமும் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

மதுரையில் பூக்கட்டும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். வலது பக்கம் விழுந்திருந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தன. வீட்டில் மஞ்சள் ரப்பர் பந்து ஒன்றை வாங்கிக் கொடுத்து நாள் முழுக்க அமுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கைக்குப் பிடிக்கத் தெரிந்தது, விடத்தான் தெரியவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். "முழம் போடணும் தாயி" என்றார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும்தானே முழம்? மூடின கையில் அது மொளியோடு நின்றுபோகிறது. "இந்தக் கையால அளந்தா வாங்குறவுக சண்டைக்கு வருவாக" என்றார்.

அதையே பயிற்சியாக்கினோம். பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு. முழங்கையை ஊன்றி, விரல்களை விரித்து அந்தக் கோட்டை எட்ட வேண்டும். எட்டாவிட்டாலும் முயற்சி கணக்கில் சேரும். பக்கத்தில் பேத்தி, இரண்டு டம்ளர், ஒரு பிடி புளியங்கொட்டை. ஒரு முயற்சிக்கு ஒரு கொட்டை இந்த டம்ளரிலிருந்து அதற்குப் போகும். முதல் நாள் நாற்பது கொட்டையில் கை சோர்ந்துவிட்டது. இரண்டு மாதத்தில், காலை, மதியம், சாயங்காலம் எல்லாம் சேர்த்து முந்நூறைத் தொட்டார். கோட்டைத் தொட்டுவிட்டால் அடுத்த நாள் கோடு அரை விரற்கடை தள்ளிப் போகும். நடுவிரல் கடைசி வரை முழுசாக நீளவில்லை. சுட்டுவிரல் நீண்டது. அதை வைத்து அளந்து, ஒரு விரற்கடை கூட விட்டு வெட்டிக் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

நான் கவனிக்காமல் விட்ட இன்னொன்றையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தபோது, "கால் வலிக்கல தாயி, மூச்சுதான் கட்டல" என்றார். நாம் கையையும் காலையும் பார்க்கிறோம், நெஞ்சைப் பார்ப்பதில்லை. பக்கவாதம் வந்தவரின் உடல் திராணி அதே வயதுக்காரர்களில் பாதிக்கு வந்துவிடுவது சாதாரணம். இழுத்து இழுத்து நடப்பதற்கோ மற்றவர்களைவிடக் கூடுதல் சக்தி செலவாகிறது. வரவு பாதி, செலவு அதிகம். இதில் வீட்டார் வேறு, "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று பாசத்தோடு படுக்க வைத்துவிடுகிறார்கள். படுக்கப் படுக்க மிச்சமிருக்கும் தெம்பும் கரைகிறது.

பக்கவாதம் வந்தவர்களின் உடல் திராணிப் பயிற்சிக்கு அமெரிக்க இதய சங்கம் 2014இல் சொன்ன அளவு வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 20 முதல் 60 நிமிடம். ஒரே மூச்சாகச் செய்யத் தேவையில்லை, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். நாடியை மட்டும் நம்பாதே. மெட்டோபிரோலால், அட்டினலால் சாப்பிடுகிறவருக்கு உழைப்புக்கு ஏற்ற அளவு நாடி ஏறாது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும். போனவுடன் பிரஷர் பார்த்துவிடு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேகத்தைக் கூட்டாதே. நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்து.

பயிற்சியும் மருந்து மாதிரி என்றால், நேரம் தப்பினால் அதுவே தீங்கும் செய்யும். அவெர்ட் என்ற ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. ஐந்து நாடுகளில் 2104 பக்கவாத நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி, நிறைய நடமாட வைத்தவர்களில் மூன்றாவது மாதம் நன்றாகத் தேறியிருந்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவு. படித்தபோது திடுக்கிட்டேன், நானும் அப்படி அவசரப்பட்டவள்தான். உன்னிடம் வருகிறவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டினவர்கள். ஆனாலும் ஊரில் யாராவது புதிதாக விழுந்து உன்னைக் கேட்டால் இதை நினைவில் வை.

தோளையும் பார்த்துக்கொள். விழுந்த கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ யாரையும் தூக்க விடாதே. ஒரு தடவை தோள் நொந்துவிட்டால் அந்தக் கையைத் தொடவே விடமாட்டார்கள், மாதக்கணக்கில் பயிற்சி போய்விடும். பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கிற வீட்டில் நின்று சண்டை போட்டு நேரத்தைத் தொலைக்காதே. பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற வைத்தியம் என்றால் மட்டும் விடாமல் போராடு.

இனி, மெஷின் இல்லையா என்று கேட்ட அந்தத் தாத்தாவின் மகனுக்கு. அமெரிக்காவில் பக்கவாதம் வந்த 408 பேரை வைத்து நடந்த லீப்ஸ் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு சாராரைக் கயிற்றில் தாங்கிப் பிடித்து டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். இன்னொரு சாராருக்குப் பிசியோ வீட்டுக்கே போய் உடல் வலுவுக்கும் நிலை தடுமாறாமல் நிற்கவும் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எல்லோரையும் சேர்த்துப் பார்த்ததில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு படி தேறியிருந்தது. டிரெட்மில் பயிற்சியை ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்களும் பின்தங்கவில்லை. "மூணு மாசத்துல வராதது இனி வராது" என்று அந்த வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல். தாத்தாவுக்கு இப்போதுதான் ஐந்து மாதம்.

ஆனால் வீட்டாரிடம் பயிற்சிகளை எழுதிய தாளைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். அட்டெண்ட் என்று பெயர், முடிவு 2017இல் வந்தது. ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்பைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எத்தனை தடவை, எவ்வளவு கடினம், எப்போது கூட்டுவது என்பதைத் தொடர்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். மாதம் ஓரிரு தடவை நீ போவது அதற்குத்தான். போன தடவை எத்தனை, இந்தத் தடவை எத்தனை என்று கேட்டு, கூட்டிவிட்டு வா. நடுவில் வாரம் ஒரு தடவை மகனுக்குப் போன் செய்து எண்ணிக்கையை மட்டும் கேள்.

தாத்தா உட்காரும் நாற்காலியின் உயரத்தை அளந்து எழுது. நாற்காலிக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் கை ஊன்றாமல் எத்தனை தடவை எழுகிறார் என்று பார். பத்து வந்ததும் ஒவ்வொரு காலுக்கு அடியிலிருந்தும் ஒரு செங்கலை எடுத்துவிடு. வாசலிலிருந்து முதல் கரண்டுக் கம்பம் வரை எத்தனை அடி, எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள். வீட்டில் பேரன் இருப்பதாக எழுதியிருந்தாயே, அடுத்த தடவை போகும்போது அவனுக்கு ஒரு பொட்டலம் புளியங்கொட்டை கொண்டுபோ.

உன் அக்கா